வாரம் விட்டு வாரம் ஒரு வீடு

லிஃப்ட் மெக்கானிக்கும் அவருடைய மனைவியும் கோர்ட்டில் பிரிந்தார்களே தவிர, வீட்டில் பிரியவில்லை. பிள்ளை இரண்டு வீட்டுக்கும் நடுவே அல்லாடக் கூடாதாம். அதனால் மகள் சிட்டு அதே வீட்டில் இருப்பாள். அப்பா ஒரு வாரம், அம்மா ஒரு வாரம் என்று இவர்கள்தான் மாறி மாறி வந்து தங்குவார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அப்பாவைக் காதலித்துப் பார்த்தால் தெரியும் வண்டவாளம்.

காதலித்தவள் பல் செட் செய்கிறவள். பல் மருத்துவமனையின் பின்னறையில் நாள் முழுக்க ஊரார் பல்லின் அச்சோடு குடித்தனம். சிட்டு அவளுக்கு வைத்த பெயர் பல்லு ஆன்ட்டி.

அவருடைய வாரத்தில் சாயங்காலம் அங்கே போவாள். அந்த இன்னொருத்தியை, சிட்டுவின் அம்மாவை, ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் வீடு முழுக்க அவள்தான். சீப்பில் ஒரு நீள முடி. தலையணையை எத்தனை தட்டினாலும் வேறு ஒரு தலை அழுந்திய பள்ளம். செத்துப்போனவள் என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். உயிரோடு இருப்பவள் இப்படி நடமாடினால் என்னதான் செய்வது? ஒருமுறை இவள் மறந்து விட்டுப்போன ஸ்வெட்டரில் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. அடுத்த தடவை வந்து பார்த்தால் யாரோ அழகாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். திட்டி ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

சிட்டுவின் பென்சில்களை எல்லாம் யாரோ நுனியில் கடித்திருந்தார்கள். "அம்மா கடிச்சது," என்றாள் சிட்டு. முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து, வலது கோரைப்பல் லேசாகத் திரும்பியிருக்கிறது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. முகமே தெரியாத ஒருத்தியின் வாயை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருப்பதெல்லாம் என்ன பிழைப்போ!

அன்றைக்குத் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். பாதி தின்ற ஆப்பிள் ஒன்று இருந்தது. ஒரு கடி அவருடையது. இன்னொன்றில் அந்தச் சந்து. இரண்டும் ஒரே அளவுதான் கறுத்திருந்தன. ஒரே ஆப்பிளை மாறி மாறிக் கடித்திருக்கிறார்கள், அதுவும் அவருடைய வாரத்தில். ஃபிரிட்ஜைச் சாத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நேத்து யாரு வந்தா?"

"அவதான். சிட்டுவுக்குக் கணக்கு சொல்லிக்குடுக்க வந்தா. ஏன்?"

மறைக்கவே தெரியாத மனிதர். அதுதான் இன்னும் வலித்தது. திருட்டுத்தனம் என்றால் கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம்.

"எனக்கு நீங்க வேணும்," என்றாள். "ஆனா இந்த வீட்டுல என்னால மூச்சு விட முடியல. நமக்குன்னு தனியா ஒரு வீடு பாருங்க. இல்லன்னா நான் இனிமே வரல."

"நீ கேக்கறது நியாயம்தான். பாத்துடலாம்," என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மனுஷன் போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"யாருக்கு?"

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

சொன்னார். கேட்டார். தலையாட்டினார். பிறகு போனை நீட்டினார். "உன்கிட்ட பேசணுமாம்."

இத்தனை நாள் வீட்டுக்குள் உலாவியது, முதல்முறையாகக் காதுக்குள் பேசியது. நல்ல குரல், பாவி.

"நீங்க சொல்றது ரொம்பச் சரிம்மா. அந்தப் பொண்ணு எத்தனை நாள் பொறுத்துப்பான்னு நான் அப்பவே இவர்கிட்ட கேட்டேன். கவலைப்படாதீங்க, வீடு நானே பாத்துத் தரேன். ஜன்னல் கிழக்கால இல்லன்னா அவருக்குத் தூக்கம் வராது, உங்களுக்குத் தெரியாது பாருங்க. சாவி மட்டும் ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு. என்ன?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எதிரே அவர், பாராட்டுக்குக் காத்திருக்கும் குழந்தை மாதிரி, முகமெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"சரிங்கக்கா," என்றாள்.