ஆழியானின் சுவிசேஷம்

லண்டனில் தன்னைப் போலத் தமிழுக்கு உழைத்தவர் எவரும் இல்லை என்பது ரங்கராஜனின் முடிவு. அதை அவர் எந்த மேடையிலும் சொல்லத் தயங்கியதில்லை. கிங்ஸ்பரியில் வீடு, இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பெரிய உத்தியோகம், வார இறுதியில் எங்காவது ஒரு மண்டபத்தில் மாலை மரியாதை. சுமேரியரையும் எகிப்தியரையும் அவர் ஏற்கெனவே தமிழராக்கி முடித்திருந்தார். 1991இல் கிரேக்கரின் முறை வந்தது.

நகரத்து இறையியல் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் ஒரு பழைய சுவிசேஷப் புத்தகம் இருந்தது. ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் ஆட்டுத்தோலில் கிரேக்க மொழியில் கையால் எழுதியது. அதன் ஒரு பக்கம் ஏதோ பத்திரிகையில் படமாக வர, ரங்கராஜன் பார்த்துவிட்டார். பழுப்பு மையில் கிரேக்க வரிகள். அவற்றின் மேலும் கீழும் சிவப்பு மையில் சின்னச் சின்னக் கொக்கிகள், கீறல்கள். கிரேக்கத்தில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ரயிலேறிப் போய்ப் புத்தகத்தைப் பார்க்கவும் இல்லை. நூலகத்துக்கு எழுதி ஸ்லைடுகளைத் தபாலில் வரவழைத்து, வரவேற்பறைச் சுவரில் போட்டு, மாதக்கணக்கில் உற்றுப் பார்த்தார். கடைசியில் சிவப்புக் கொக்கிகளுக்குள் ஓர் 'ஆ'வையும் ஒரு 'ழி'யையும் பிடித்துவிட்டார்.

பிறகு கேட்க வேண்டுமா? மிளகுக் கப்பலில் கொன்ஸ்தாந்திநோபிள் போன ஒரு தமிழன், அவன் பெயர் ஆழியான், மடத்தில் சேர்ந்து இந்தச் சுவிசேஷத்தை எழுதி, வரிகளுக்கு நடுவே தன் பெயரை ஒளித்து வைத்தான். இதுதான் கண்டுபிடிப்பு. ஆழியானின் சொந்த ஊர் நாகப்பட்டினம் என்பதுகூட அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

ஈஸ்ட் ஹாம் தமிழ்ச் சங்கம் விழா எடுக்க முன்வந்தது. தலைவர் ஆனந்தராஜாவுக்கு ஹை ஸ்ட்ரீட்டில் நகைக்கடை. மேடையில் பெரிய மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பது என்றால் உயிர். செயலாளர் இம்மாகுலேற் இளவாலைக்காரி. கவுன்சிலில் வீட்டுவசதிப் பிரிவில் வேலை. கமிட்டியில் இருந்த ஒரே கத்தோலிக்கரும் அவள்தான்.

"கிரேக்கம் தெரிஞ்ச ஒராளையும் கூப்பிட்டால் நல்லமெல்லோ?" என்று அவள் கேட்டாள். "என்னோடை வேலை செய்யிற சைப்பிரஸ் பிள்ளையின்ரை கோயிலிலை ஒரு சுவாமியார் இருக்கிறார்."

"ஆமா, கூப்பிடுங்க!" என்றார் ரங்கராஜன். "கிரேக்கர் வாயாலேயே ஒத்துக்க வைக்கிறேன். வரலாற்றுத் தருணம்மா இது."

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. கறுப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாகச் சுவாமியார் ஸ்பிறிடோன் முன்வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த உளுந்துவடையை மரியாதையோடு தின்றுகொண்டிருந்தார். ரங்கராஜன் பட்டு ஜிப்பாவில் மேடையேறினார். விளக்கை அணைத்தார்கள். சுவரில் அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு எழுந்தது. ரங்கராஜன் நீண்ட கோலால் தொட்டுக் காட்டினார்.

"இதோ 'ஆ'. இதோ 'ழி'. உலகத்துல வேறெந்த மொழியில 'ழ' இருக்கு, சொல்லுங்க?"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். ரங்கராஜன் ஆங்கிலத்துக்கு மாறி, வந்திருக்கும் அருள்தந்தை இதை உறுதிசெய்வார் என்று அறிவித்தார்.

சுவாமியார் எழுந்து சுவருக்குக் கிட்டப் போனார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"மன்னிக்க வேண்டும். படம் மறுபக்கமாக இருக்கிறது," என்றார். "கண்ணாடியில் பார்ப்பது போல. யாராவது திருப்பிப் போட முடியுமா?"

ஸ்லைடு இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற இம்மாகுலேற்றே அதை எடுத்துத் திருப்பிச் செருகினாள். பக்கம் சுவரில் இடம்வலம் மாறி விழுந்தது. 'ஆ'வைக் காணோம். 'ழி'யையும் காணோம். ரங்கராஜனின் கோல் எங்கே போய்த் தொடுவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. மாதக்கணக்காக அந்த மனிதர் படத்தின் முதுகுப் பக்கத்தைப் படித்திருக்கிறார்!

சுவாமியாரின் முகமோ மலர்ந்துவிட்டது. "ஆ, இது உயிர்த்த ஞாயிறன்று நாங்கள் வாசிப்பது. இந்தச் சிவப்புக் குறிகள் எழுத்துகள் அல்ல. வாசிப்பவரின் குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதற்கானவை. அந்தக் காலத்தில் சரியாக எப்படிப் பாடினார்கள் என்று இன்று யாருக்கும் தெரியாது. எங்கள் வழக்கத்தில் இப்படி..."

கேட்காமலே பாடத் தொடங்கினார். வயதான, சற்றுக் கரகரத்த குரல். ஒரே சுருதியில் நடந்து, வரியின் முடிவில் மெல்ல ஏறி, தணிந்து நின்றது. 'லோகோஸ்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததில், 'ஆதியிலே வார்த்தை இருந்தது' என்னும் அருளப்பர் சுவிசேஷத்தின் தொடக்கம் அது என்று இம்மாகுலேற்றுக்குப் பாதியிலேயே விளங்கிவிட்டது. வேறு சொல் ஒன்றும் தெரியாமலே அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இனி இந்த மனிதர் தலை குனிவார் என்று அவள் நினைத்தாள். ரங்கராஜனை அவள் இன்னும் அறியவில்லை.

"கேட்டீங்களா?" அவர் ஒலிவாங்கியைப் பறித்தார். "சபையோரே, கேட்டீங்களா? இது முகாரி! நம்ம முகாரி! ஆழியான் எழுத்தை மட்டுமா கொண்டுபோனான்? இராகத்தையே கொண்டுபோயிருக்கான்!"

முன்னதைவிடப் பெரிய கைதட்டல். ஆனந்தராஜா ஓடிவந்து ரங்கராஜனுக்கு ஒரு பொன்னாடை, சுவாமியாருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

சுவாமியாரை ஸ்டேசன் வரை கூட்டிப்போனது இம்மாகுலேற். வழியில் அவர், "எதற்காக இவ்வளவு கைதட்டினார்கள்?" என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். சுவாமியார் ஒரு புடவைக்கடை வாசலில் நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவளுக்குச் சுருக்கென்றது. ரங்கராஜனைப் பற்றி அவள் என்னவும் நினைக்கலாம். வெளியாள் சிரிப்பது வேறு.

அவள் முகத்தைக் கண்டு அவர் சிரிப்பை நிறுத்தினார். "எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பழைய பலகை இருக்கிறது, மகளே. நோவாவின் பேழையிலிருந்து வந்தது என்று காட்டுவோம். அதைக் காட்டிக் காணிக்கை வாங்கியவர்களில் நானும் ஒருவன்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் சமூகப் பத்திரிகையில் 'கிரேக்க வேதத்தில் முகாரி: மதகுரு ஒப்புதல்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. இம்மாகுலேற் ஆனந்தராஜாவுக்கு போன் எடுத்தாள்.

"அண்ணை, அந்த மனுசன் ஒண்டையும் ஒப்புக்கொள்ளேல்லை. இதைத் திருத்தச் சொல்லுங்கோ."

"ஏன் பிள்ளை வீண் சோலி? சனம் சந்தோசமாய்ப் போனதுகள்."

"முதலிலை எழுத்து எண்டார். அது இல்லை எண்டான உடனை இராகம் எண்டார். நாளைக்கு இராகமும் இல்லை எண்டால்?"

"தாளம் எண்டு சொல்லுவார்," என்றார் ஆனந்தராஜா. ஒரு வெட்கமும் இல்லை. "அவருக்கு விசயம் தெரியும்."

"அப்ப வேறை செயலாளரைப் பாருங்கோ. பொய்க்கு விழா வைக்க என்னாலை ஏலாது." போனை வைத்துவிட்டாள்.

சில கிழமைகள் கழித்து லீவு எடுத்துக்கொண்டு அந்தக் கல்லூரி நூலகத்துக்குப் போனாள். நூலகப் பெண் புத்தகத்தை ஒரு மெத்தைத் திண்டின் மேல் வைத்துத் திறந்தாள். அது இவ்வளவு சிறிதாக இருக்கும் என்று இம்மாகுலேற் நினைக்கவில்லை. பக்கங்களின் கீழ்மூலைகள் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன. ஓரிடத்தில் மெழுகு சொட்டி உறைந்திருந்தது. யாரோ நின்று, மெழுகுதிரியைப் பிடித்தபடி, கூட்டத்துக்குப் பாடிக் காட்டிய பக்கம். பாடிய அந்த ஆளுக்கு ஒரு பெயர் தேவைப்படவில்லை அவளுக்கு.

"நீங்கள் ஆராய்ச்சியாளரா?" என்று நூலகப் பெண் கேட்டாள்.

"இல்லை. பார்க்க வந்தேன், அவ்வளவுதான்."

"உங்கள் சமூகத்துக் கனவான் ஒருவர் இதில் மிகவும் அக்கறை காட்டுகிறார். இப்போது அட்டையின் படம் கேட்கிறார். அதில் இரட்டை மீன் பொறித்திருக்க வேண்டுமாம். ஏதோ அரச சின்னமாம்."

இம்மாகுலேற் புத்தகத்தை மூடித் தரும்படி கேட்டு, அட்டையைக் குனிந்து பார்த்தாள்.

"மீன் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"எங்களுக்குத் தெரிந்தவரை," என்றாள் நூலகப் பெண், அட்டையில் இரண்டு நீளத் தடங்களைக் காட்டி, "இவை புழு தின்ற ஓட்டைகள்."