சீடி வாசிக்காத வீடு

சின்னராசாவின் வீட்டுத் தரையைப் போல நேரான தரை ஆனைக்கல் தோட்டத்திலேயே கிடையாது. கேட்டால் அவனே சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். தேயிலை பெக்டரியில் கொழுந்தைக் காய வைக்கிற டிரையரில் வேலை, நாற்பத்தெட்டு வயது. அதில் நாற்பத்தைந்து வருசம் லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், கழிந்தது. அந்தக் காம்பராவின் தரை மலை போன போக்கிலேயே போகும். கட்டிலுக்கு ஒரு கல், அலுமாரிக்கு ஒரு கல், சோற்றுப் பானைக்கு ஒரு கல் என்று எல்லாவற்றுக்கும் முட்டுக் கொடுத்தே மனுசன் வளர்ந்தான். அதனால் தனி வீடு கட்டும்போது அவன் முதலில் வாங்கிய சாமான் சீமெந்து இல்லை, ரசமட்டம். அதன் நடுக் கண்ணாடியில் குமிழி அசையாமல் நிற்கும்வரை மேசனை விடவில்லை. இரண்டு தரம் இடித்துப் பூசச் சொன்னான். மூன்றாம் தரம் மேசன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர், இன்றுவரை அந்தப் பாதையிலேயே வருவதில்லை.

வீட்டுக்கான காசு அவன் மனைவி சர்மிளாவுடையது. எட்டு வருசம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்து அனுப்பியது. நேர் மட்டும்தான் சின்னராசாவுடையது. அதனால்தான் அந்த நேரைப் பற்றி அவனுக்கு அத்தனை பெருமை.

சர்மிளா திரும்பி வந்து ஒன்றரை வருசமாகிறது. வந்தவளுக்கு ஒரு வியாதியும் இல்லை, உட்காரத்தான் வரவில்லை. சின்னராசா வேலை விட்டு உள்ளே நுழைந்தால் சட்டென்று எழுந்து நிற்பாள். பிரிட்ஜைத் திறக்கும்முன் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாள். குசினியில் சுவரோரம் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பாள். "இது ஒன் வீடுடி, ஒக்காரு" என்று அவன் சொன்னால் உட்காருவாள். எப்படி? அடுத்த தரிப்பில் இறங்கப்போகிறவள் பஸ்ஸில் உட்காருவது மாதிரி, நாற்காலி நுனியில்.

அதைப் பார்த்துப் பார்த்து சின்னராசாவுக்கு நெஞ்சு வெந்தது. ஒருநாள் கேட்டான்.

"அங்க ஒரு நாளாச்சும் சிரிச்சிருக்கியா?"

அவள் யோசித்தாள். "மத்தியானம் மேடம் தூங்குவாங்க. அப்ப அந்த வீட்டுப் பொம்பளப் புள்ளைங்க ரெண்டு பேரும் நானும் கதவச் சாத்திக்கிட்டு கேம் வெளாடுவோம். கார் ரேஸ். நாந்தான் எப்பவும் ஜெயிப்பேன்."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்று வந்து போனது. கல்யாணமான இருபது வருசத்தில் அந்த முகத்தை அவன் நாலைந்து தரம்தான் பார்த்திருப்பான். அது தன் வீட்டுக்குள் ஒரு தரமாவது வந்தாக வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தான். ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறினான்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே ஷிஹாமின் கடை. பழைய ரேடியோ, பழைய டீவி, யாரோ தூக்கிப் போட்டதையெல்லாம் திருத்தி விற்கிற இடம். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கேம் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்து சீடியை வைத்து மூட வேண்டும். ஷிஹாம் தன் வேலை மேசையில் பெட்டியை வைத்துக் கார் ரேஸ் சீடியைப் போட்டான். டீவியில் கார்கள் உறுமிக்கொண்டு கிளம்பின.

"பழசுதான், ஆனா சிங்கம் அண்ணே" என்றான் ஷிஹாம்.

சிங்கம் வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டது. சீடி கிர்ரென்று சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது. சர்மிளா காரை ஓட்டுகிற பட்டன் பெட்டியைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் நாற்காலி நுனியில் இருந்தாள். பிறகு அதைத் துணியால் துடைத்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"பரவாயில்லைங்க. தேத்தண்ணி ஊத்தட்டுங்களா?"

அந்தப் பரவாயில்லையைத்தான் சின்னராசாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு திட்டுத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

மறுநாளே கடைக்குக் கொண்டுபோனான். ஷிஹாம் மேசையில் வைத்ததும் பெட்டி கடகடவென்று வாசித்தது. வீட்டுக்கு வந்தால் வாசிக்கவில்லை. மறுபடி கடை, வாசித்தது. மறுபடி வீடு, இல்லை. ஷிஹாம் பெட்டியின் உள்ளே சீடியை வாசிக்கிற கண்ணை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்து அனுப்பினான். வீட்டில் அதுவும் எடுபடவில்லை. நாலாவது பயணத்தில் பஸ் கண்டக்டரே, "இன்னிக்கு அதுக்கு ஒடம்பு எப்படி?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பனிதான் காரணம் என்று சின்னராசாவுக்குத் தோன்றியது. டவுனைவிட வீடு இருக்கிற மேல் டிவிசனில் மூட்டம் அதிகம். கண்ணில் ஈரம் பிடித்தால் எதுதான் வாசிக்கும்? பெட்டியைத் துவாயில் சுற்றி பெக்டரிக்குக் கொண்டுபோய், டிரையர் வாய்க்குப் பக்கத்தில் ஒரு சிப்ட் முழுக்கக் காய வைத்தான். அந்தப் பக்கம் வந்த, தேயிலைப் பதம் பார்க்கிற டீமேக்கர் ஐயா பழக்க தோசத்தில் குனிந்து மோந்து பார்த்தார்.

"கொஞ்சம் கூடக் காஞ்சிருச்சுடா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு பெட்டி வீடு முழுக்க நல்ல சாயத் தேயிலை வாசம் வீசியது. சீடியை மட்டும் வாசிக்கவில்லை.

அடுத்து வந்தவர் பொன்னையா. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். பேச்சுவார்த்தையில் தீராத பிரச்சினை ஒன்றை முப்பது வருசத்தில் அவர் கண்டதில்லை. அப்படி ஏதாவது இருந்தால் அது பிரச்சினையே இல்லை என்று விட்டுவிடுவார். பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அது சும்மா சுற்றுவதைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"இது பழுது இல்லப்பா. கையும் காலும் ஆடுது, வேல மட்டும் நடக்கல. மெதுவா வேல செய்யிற போராட்டம். நாம செய்யாததா?"

"அதுக்கு என்னா செய்யிறது தலைவரே?"

"கடையில ஒழுங்கா வேல செஞ்சிச்சுல்ல? பழைய எடத்துல இருந்த வசதியக் கொறைக்காம புது எடத்துலயும் குடுக்கணும். அதுதான் சட்டம்."

சிரிக்காதீர்கள். அத்தனை பேர் சொன்னதிலும் உருப்படியான யோசனை இது ஒன்றுதான். பொன்னையா சங்கத்துக் கடதாசியில் கோரிக்கைகளை வரிசையாக எழுதி, மூன்று பிரதி எடுத்து, ஒன்றைப் பெட்டியின் மேல் வைத்தார். ஒன்று ஷிஹாமுக்குப் போனது. மூன்றாவது யாருக்கு என்று அவருக்கும் தெரியாது. எப்போதும் மூன்று எடுப்பார்.

அதன்படி கடையில் இருந்த வயர் வீட்டுக்கு வந்தது. பெட்டி அசையவில்லை. கடையின் பிளக் வந்தது, கடைசியில் கடையின் டீவியே வந்து இறங்கியது. அதற்கும் பெட்டி மசியவில்லை. ஷிஹாம் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் கொடுத்தான். தன் கடைச் சாமான் இரண்டு கிழமையாக பஸ்ஸில் போய் வருவதை டவுனே பார்த்துச் சிரிக்கிறதே, எப்படியாவது இது ஓடினால் போதும் என்பது அவன் கவலை.

மிச்சம் இருந்தது மேசை.

மேசையைத் தர முடியாது என்றான் ஷிஹாம். பதினொரு வருசமாக அதில்தான் அவன் சோறு. பொன்னையா கடைக்குள் உட்கார்ந்து இரண்டு பிளேன்டீ முடியும்வரை பேசினார். கடைசியில் உடன்பாடு வந்தது: மேசை ஒரே ஒரு நாளைக்கு வரும், மேசையோடு ஷிஹாமும் வருவான். ஆட்டோவின் கூரையில் மேசையைக் கவிழ்த்துக் கட்டினார்கள். நாலு காலும் வானத்தைப் பார்க்க அது மலையேறியது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, "யார் வீட்டுல கலியாணம்?" என்று சத்தம் போட்டுக் கேட்டார்கள்.

மேசையை வீட்டுக்குள் இறக்கி, பெட்டியை அதன்மேல் வைத்து, சீடியைப் போட்டார்கள். கார்கள் உறுமின.

"பாத்தீங்களா? பேசினா தீராதது இல்ல" என்று பொன்னையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

ஷிஹாம் சந்தோசத்தில் தன் திருப்புளியை மேசையில் வைத்தான். அது மெல்ல உருண்டு, ஓரத்தில் ஆணியடித்திருந்த ஒரு மரச் சட்டத்தில் முட்டி நின்றது. சின்னராசா அதைப் பார்த்துவிட்டான்.

"ஷிஹாம் நானா, இந்தச் சட்டம் என்னாத்துக்கு?"

"இஸ்குரூ எல்லாம் உருண்டு கீழ விழும் அண்ணே. அதுக்கு அடிச்சது."

"ஏன் உருளுது?"

ஷிஹாமுக்குப் பதினொரு வருசத்தில் அந்தக் கேள்வி வந்ததில்லை. "இஸ்குரூன்னா உருளத்தானே செய்யும்?"

சின்னராசா உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தான். குமிழி ஒரே ஓட்டமாக ஓடி மூலையில் ஒளிந்தது. குனிந்து பார்த்தால், மழைக்காலத்தில் கடைக்குள் வருகிற தண்ணீரில் மேசையின் இரண்டு கால் அடியில் உளுத்துக் குட்டையாகியிருந்தன. பெட்டியைத் தூக்கி வீட்டு மேசையில் வைத்தான், உயிர் போனது. உளுத்த மேசையில் வைத்தான், உயிர் வந்தது. இரண்டு தரம் செய்து பார்த்தான், மூன்றாவது தரம் செய்ய மனசு வரவில்லை.

ஷிஹாமுக்கு விளங்கிவிட்டது. பெட்டிக்குள் சீடியை வாசிக்கிற கண் வயசாகித் தேய்ந்திருக்கிறது. சாய்ந்திருந்தால் பிடிக்கும், நேராக இருந்தால் நழுவிவிடும். அதைச் சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சேர்த்தான்.

"பெட்டியில பெரிசா ஒண்ணுமில்ல அண்ணே. ஒங்க வீடுதான் ரொம்ப நேரா இருக்கு."

சின்னராசாவின் வீட்டை இதுவரை யாரும் இப்படி ஏசியதில்லை. அவனுக்குக் காது சூடேறியது. பொன்னையா நிலைமை தெரியாமல், "தரையில ஒரு மூலைய மட்டும் லேசா ஒடச்சு விட்டா?" என்று கேட்டார். சின்னராசா அவரைப் பார்த்த பார்வையில், தலைவர் வாழ்க்கையில் முதல்தடவையாகப் பேச்சுவார்த்தையை ஒத்திவைத்தார்.

அப்போதுதான் அவன் சர்மிளாவைப் பார்த்தான். தட்டில் மூன்று கோப்பைத் தேத்தண்ணியோடு குசினிச் சுவரில் சாயக்கூடச் செய்யாமல் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. தனக்கென்று அவள் ஊற்றியிருக்கவில்லை.

சின்னராசா பெட்டியை வீட்டு மேசைக்கு மாற்றினான். கையிலிருந்த ரசமட்டத்தைப் படுக்கப்போட்டு, பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் தள்ளினான். பெட்டி கோணிக்கொண்டு நின்றது. சீடி சுற்றியது, கார்கள் கிளம்பின. ஷிஹாமும் பொன்னையாவும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கடை டீவி, வயர் எல்லாவற்றையும் மேசையோடு ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

சின்னராசா வீட்டு டீவியில் பெட்டியின் சொந்த வயரைச் சொருகி, ஒரு பட்டன் பெட்டியை அவள் கையில் கொடுத்தான். "ஒக்காரு."

நுனியில் உட்கார்ந்தாள். முதல் ரேஸில் எந்தப் பட்டன் எதற்கென்று தெரியாமல் சின்னராசாவின் கார் வேலியைப் பிய்த்துக்கொண்டு பின்பக்கமாகப் போனது. இரண்டாவது ரேஸில் அவள் முதுகு நாற்காலியில் சாய்ந்தது. மூன்றாவதில் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். சின்னராசா ரேஸை விட்டுவிட்டு அந்தக் காலையே பார்த்தான். அவன் கார் மறுபடி சுவரில் ஏறியது. சர்மிளா சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தொண்டை தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். முழங்கையால் அவன் விலாவில் ஓர் இடி விட்டாள். வலித்தது. இன்னொன்று விடமாட்டாளா என்றிருந்தது அவனுக்கு.

"யல்லா, யல்லா! சீக்கிரம்! நூரா, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம் திருப்பு!"

நரைத்த மீசை வைத்த சின்னராசாவை ஜென்மத்தில் யாரும் நூரா என்று கூப்பிட்டதில்லை. அந்தக் குவைத் வீட்டுச் சின்னப் பிள்ளையின் பெயராக இருக்க வேண்டும். சர்மிளா என்ன சொன்னோம் என்று கவனிக்கவே இல்லை. கண் திரையிலேயே இருந்தது. அவள் சொன்ன பக்கம் திருப்பினான், மறுபடி முட்டினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் அறுந்தது. காலைக் கீழே விட்டாள். உடம்பு தானாக நாற்காலி நுனிக்கு வந்தது. கதவுப் பக்கம் காதைக் கொடுத்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நூரா, சத்தம் போடாதம்மா. மேடம் எந்திரிச்சிருவாங்க."

இது குவைத் இல்லை, நான் நூரா இல்லை என்று சின்னராசா சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் எழுந்து நின்றுவிடுவாள் என்று பயந்தான். அவனும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேடம் ஊருக்குப் போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க. நீ இன்னொரு ரேஸ் போடு."