பதிவு நடப்பில் இல்லை

பட்டப்பின்படிப்பு அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை நஸீறா பன்னிரண்டு நாளாகத் திறக்கவில்லை.

ஏறாவூரில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை அவள். வயது நாற்பத்தொன்று. முதுமாணிப் படிப்பில் சேர்ந்து இது மூன்றாவது வருடம். வகுப்புகள் முடிந்து, சோதனைகளும் எழுதியாகிவிட்டது. ஆய்வு ஒன்றுதான் மிச்சம். கடலோடு கலக்கும் வாவியின் கரையோர வீடுகளில், கிணற்றுத் தண்ணீரில் மாதாமாதம் எவ்வளவு உப்பு ஏறுகிறது என்று இருபத்தெட்டுக் கிணறுகளில் அளந்து வந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் உப்பளக்கும் மீற்றரும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கியவள், நாலு மாதத்துக்கு மேலாக அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை இடைவேளையில் ஆசிரியர் அறையில் ஆளில்லை. கண்ணை மூடிக்கொண்டு மருந்து குடிப்பதுபோல மின்னஞ்சலைத் திறந்தாள்.

‘இந்த அரையாண்டுக்கு நீங்கள் எந்தப் பாட அலகுக்கும் பதியவில்லை. ஆகவே உங்கள் மாணவர் பதிவு நடப்பில் இல்லை. தாமதப் பதிவுக்கான கடைசி நேரம் இருபதாம் திகதி பிற்பகல் மூன்றரை மணி. அதன்பின் உங்கள் பெயர் நீக்கப்படும்.’

சுவரில் தொங்கிய நாட்காட்டி இருபதைக் காட்டியது.

அதிபரிடம் அரைநாள் லீவு கேட்டு, கணவனுக்குச் சேதி சொல்லிவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி, பட்டணத்திலிருந்த அலுவலகத்தில் போய் நின்றபோது ஒரு மணியாகியிருந்தது. எழுதுவினைஞர் நல்லரத்தினம் கணினியில் அவளுடைய பெயரைத் தேடிப் பார்த்தார்.

“வகுப்பு முடிஞ்சா பதியத் தேவையில்லையெண்டு நினைச்சிட்டீங்க போல. கனபேர் அப்பிடித்தான் மிஸ்.”

நஸீறா தலையை ஆட்டினாள். உண்மை அதுவல்ல. ஆனாலும் ஆட்டினாள்.

“ஆய்வுக் காலத்திலயும் அரையாண்டுக்கு ஒருக்கா ஆய்வு அலகுக்குப் பதியணும். பட்டம் கையில கிடைக்கிறவரைக்கும் இடையில அறுபடக் கூடாது. பேர் நீங்கிச்செண்டா முடிச்ச பாடமெல்லாம் போயிடும். மறுகா முதல்ல இருந்துதான்.”

படிவத்தை எடுத்து நீட்டினார். “மேற்பார்வையாளர் முன்னேற்றம் பற்றி ரெண்டு வரி எழுதிக் கையெழுத்து வைக்கணும். ஆரு உங்களுக்கு?”

“தானியா மெடம்.”

“அவ காலையிலயே தன்னாமுனைப் பக்கம் வாவியில தண்ணி எடுக்கப் போயிட்டா. மூண்டரைக்குக் கணினி தானாப் பூட்டிடும். பிறகு நான் நினைச்சாலும் ஏலாது.”

ஓட்டோவில் போகும்போது தானியாவின் தொலைபேசிக்கு நாலு தரம் எடுத்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. கிடைக்காதது ஒரு வகையில் ஆறுதலாகவும் இருந்தது.

கலாநிதி தானியா பட்டணத்துப் பறங்கிக் குடும்பத்துப் பெண். நஸீறாவைவிட ஏழு வயது இளையவள். கூட்டமொன்றில் எல்லோர் முன்னிலையிலும் நஸீறாவின் அளவீடுகளைக் காட்டி, “வேலை செய்யிறதெண்டா இப்பிடிச் செய்யணும்” என்று சொன்னவள். அதற்கு அடுத்த வாரந்தான் நஸீறாவுக்கு விஷயம் பிடிபட்டது. ஜூலையிலிருந்து மீற்றரைச் சரிபார்க்க மறந்திருந்தாள். மூன்று மாத அளவீடுகளும் பிழை. அளக்குமுன் கருவியைச் சரிபார்க்க வேண்டுமென்று வருடாவருடம் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவள் அவள்!

இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தானியாவின் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல் விட்டாள். பிறகு இன்னொன்று. ஒன்றுக்குப் போடாததால் அடுத்ததற்கு எழுதுவது இன்னும் கஷ்டமானது. மூன்றாவதற்குப் பிறகு தானியாவும் எழுதவில்லை. பதிவுக்கு அவளுடைய கையெழுத்து வேண்டும் என்பது நஸீறாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பதியாமல் இருந்தாள்.

தன்னாமுனைக் கரையில் வெள்ளை ஜீப் நின்றது. ஜீப் சாரதி வாவியைக் காட்டினான். தூரத்தில் ஒரு தோணி; அதில் தொப்பி போட்ட ஒரு உருவம் குனிந்து போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தது.

“எப்ப வருவாங்க?”

“மூண்டு, மூண்டேகாலாகும் மிஸ்.”

ஓட்டோவை நிற்கச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். அபாயாவை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, படிவமிருந்த கோப்பை மறுகையில் உயர்த்திப் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால் வரை வந்துவிட்டது. கால் சேற்றில் புதைந்தது. ஜீப் சாரதி ஹோனை விடாமல் அடித்தான்.

தோணியிலிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நஸீறா மிஸ்ஸா அது? நில்லுங்க! அங்கயே நில்லுங்க, ஆழம்!”

தோணி அவளிடம் வந்தது. தோணிக்காரரும் தானியாவுமாகச் சேர்ந்து அவளை ஒருவாறு இழுத்து ஏற்றினார்கள். தண்ணீர் சொட்டச் சொட்டப் பலகையில் குந்தினாள். படிவத்தைப் பார்த்ததுமே தானியாவுக்கு விளங்கிவிட்டது. பேனைக்குக் கை நீட்டினாள்.

வகுப்பில்லாததால் பதியத் தேவையில்லையென்று நினைத்தேன், என்று சொன்னால் போதும். நல்லரத்தினம் எடுத்துக் கொடுத்த காரணம் வாய்வரைக்கும் வந்தது.

“கையெழுத்து வைக்கிறதுக்கு முதல் ஒண்டு சொல்லணும் மெடம்,” என்றாள். மீற்றர் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

தானியா தொப்பியைக் கழற்றினாள்.

“இதுக்காகவா இவ்வளவு நாளும் ஒளிச்சிருந்தீங்க?”

“ஓம்.”

“நான் என்ன நினைச்சன் தெரியுமா? உங்கட முதலாம் அத்தியாயத்தில சிவப்பு மையால பக்கம் பக்கமா வெட்டி எழுதிக் குடுத்தனே. வயசில மூத்த ஆள், மனம் நொந்து படிப்பையே விட்டுட்டா எண்டு நினைச்சன். எத்தின நாள் ஃபோனைக் கையில எடுத்துட்டுத் திரும்ப வச்சிருக்கன். என்னத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறதெண்டு தெரியல்ல.”

“அந்தச் சிவப்பெல்லாம் சரிதானே மெடம். திருத்தியும் வச்சிரிக்கன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தானியாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

“மீற்றர் பிழையெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?”

“வீட்டுக் குழாய்த் தண்ணிய அளந்தன். கடல் தண்ணிக்குத் தம்பி மாதிரிக் காட்டிச்சு.”

தோணிக்காரரும் சிரித்துவிட்டார்.

“அந்த மூண்டு மாசத்தையும் விடுங்க,” என்றாள் தானியா. “ஏன் விட்டதெண்டு ஆய்வேட்டில ஒளிக்காம எழுதுங்க. மற்ற எட்டு மாசம் நல்லாத்தானே இருக்கு. வாற ஜூலையில அந்த மூண்டையும் திரும்ப அளப்பம். அதுக்குத்தானே பதியுறீங்க.”

போத்தல் பெட்டியின் மேல் படிவத்தை வைத்து எழுதினாள்: ‘மூன்று மாத அளவீடுகள் மீள எடுக்கப்படும். முன்னேற்றம் திருப்திகரமானது.’ கையெழுத்தின் வாலில் ஒரு துளி நீர் விழுந்து மை கொஞ்சம் பரவியது. நஸீறா அதை வாயால் ஊதி ஊதிக் காயவைத்தாள். கண்ணும் நிறைந்திருந்தது, அதைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சேற்றுக் காலோடு அலுவலகத்துக்குள் நுழைந்தாள். நல்லரத்தினம் காலையும் பார்த்தார், கையெழுத்தையும் பார்த்தார். தட்டச்சுச் செய்யத் தொடங்கினார். கணினி வெகுநேரம் யோசித்தது.

“முதல்ல நீங்க சொன்னதுக்குத் தலையாட்டினன்,” என்றாள் நஸீறா. “அது உண்மையில்ல. பயத்திலதான் பதியல்ல.”

“அதை எழுதுறதுக்கு இதுல இடமில்ல மிஸ்,” என்றவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். “இந்தா பாருங்க.”

‘பதிவு நடப்பில் உள்ளது.’

அவள் அதை மூன்று தரம் வாசித்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும். கணவன் சரீப்பின் அழைப்பு வந்தபோதுதான் கண் விழித்தாள்.

“எங்க நிக்கிறீங்க? பதிஞ்சாச்சா?”

“பதிஞ்சாச்சு, அல்ஹம்துலில்லாஹ்.” வெளியே எட்டிப் பார்த்தாள். “நித்திரையாப் போயிட்டன். ஏறாவூரைத் தாண்டி வந்திட்டன். இது சித்தாண்டி போல இரிக்கி.”

“சித்தாண்டியா! இறங்கி நில்லுங்க, மோட்டார் சைக்கிளக் கொண்டு வாறன்.”

அவசரமில்லையென்று சொல்லிவிட்டு அவள் மணியை அடித்தாள்.