காசு போகாத பரிசு

ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது. எதிர்வீட்டுச் சில்லறை எனக்குத் தர வேண்டிய தொகை அது. சில்லறை என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கிடங்கில் நாங்கள் வைத்தது. டீக்கடையில் காசு கொடுக்கிற நேரம் பார்த்துச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "சில்லறை இல்லையேண்ணே" என்பான். ஆனால் மூட்டை கனமென்றால் முதல் ஆளாகத் தோள் கொடுப்பவனும் அவன்தான். அதனால் அவனை முழுசாக வெறுக்கவும் முடியாது.

மழை நாளில் ஒரு கண்ணாடிச் சாமான் பெட்டியைக் கை நழுவ விட்டான். சாயங்காலத்துக்குள் பணம் கட்டு, இல்லையென்றால் நாளை முதல் வராதே என்றார் மேற்பார்வையாளர். நேராக என்னிடம் வந்தான்.

"டீச்சருக்குத் தெரிஞ்சா நான் செத்தேண்ணே. போனஸ் வந்ததும் மொதல் காசு உங்களுக்குத்தான். என் தலைமேல சத்தியம்."

டீச்சர் என்பது அவன் மனைவி. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். நாற்பத்தாறு வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். சாப்பிட்ட மேசையைத் துடைத்துவிட்டு, பள்ளியில் மிச்சமான சுண்ணாம்புக் கட்டியால் அதன்மேலேயே எழுதிக் காட்டுவாள். அந்த மேசையில் உட்கார்ந்தவன் எப்படி இல்லை என்பது? வீட்டுக்காரர் வருடக் கடைசிக்குள் முன்பணத்தில் எட்டாயிரம் ஏற்றித் தரவேண்டும், இல்லையென்றால் காலி செய் என்று சொல்லியிருந்தார். அதற்காக என் மனைவி டப்பாவில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துத்தான் கொடுத்தேன்.

எங்கள் மாடிப்படிக்கு நாலு குடும்பம். வருடக் கடைசி விடுமுறை தொடங்கும்போது ஒருத்தருக்கொருத்தர் ஏதாவது கொடுப்போம். அந்த வருடம் கிடங்கில் கூடுதல் நேர வேலை நின்றுபோயிருந்தது. தையல்காரருக்கும் துணி வரவில்லை. டீச்சர்தான் சொன்னாள்: "இந்த வருஷம் காசு போகாத பரிசு. கடையில வாங்கினவங்களுக்கு அபராதம்."

தையல்காரர் வெட்டுத்துணியில் சுருக்குப் பை தைத்தார். கீழ்வீட்டு நர்ஸம்மா மருந்துக் குப்பிகளைக் கழுவி, கொடித்துண்டுகளைத் தண்ணீரில் நட்டுக் கொண்டுவந்தாள். நான் கிடங்கில் உடைந்து கிடந்த பெட்டிப் பலகையை அறுத்துத் தேய்த்து, ஆணியை வளைத்து அடித்து, சாவி மாட்டும் பலகை மூன்று செய்தேன்.

டீச்சர் வண்ணப் பென்சிலால் சீட்டு எழுதியிருந்தாள். தையல்காரர் பையனுக்கு ஒரு மாதம் கணக்குப் பாடம். நர்ஸம்மாவுக்கு ஒரு வாரம் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது. என் சீட்டை என் கையில் கொடுத்து, "நீங்களே படிங்கண்ணா" என்றாள்.

படிக்கட்டில் எல்லோரும் பார்க்க, எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இந்தச் சீட்டைக் காட்டினால், எந்த நாளானாலும், என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க உங்களுக்கு உழைத்துத் தருவார்."

"அவன வெச்சி ஒரே நாள்ல என்னத்தம்மா செய்யறது? ரெண்டு நாளா மாத்திக் குடு," என்றார் தையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சில்லறை எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். டீச்சர் மட்டும், "ஒரு எழுத்துகூடத் தடுமாறல, பாத்தீங்களா?" என்று கைதட்டினாள். எனக்காக ஒருத்தர் எழுதி, நானே படித்த முதல் காகிதம் அது. மடிக்காமல் கொண்டுவந்து சுவரில் மாட்டிய கண்ணாடிக்குப் பின்னால் செருகினேன்.

கதவைச் சாத்தியதும் என் மனைவி சொன்னாள்: "நல்லாத்தான் படிச்சீங்க. அதையே கொண்டுபோய் வீட்டுக்காரர்கிட்டயும் படிச்சிக் காட்டுங்க. முன்பணத்துல கழிச்சிக்கட்டும்."

இரண்டு நாளில் போனஸ் வந்தது. கிடங்கு வாசலில் காத்திருந்தேன். சில்லறை பின்பக்க வழியாகப் போய்விட்டான் என்றார்கள். மறுநாள் டீச்சரே கதவைத் தட்டினாள். மணிக்கட்டை நீட்டினாள். புதுக் கைக்கடிகாரம்.

"அபராதம் உண்டுன்னு சொல்லியும் கேக்கலண்ணா இந்த மனுஷன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல மொதல் தடவையா எனக்குன்னு ஒண்ணு வாங்கிருக்காரு. உங்களோட சேந்ததுல இருந்துதான் இவருக்குக் கொஞ்சம் பொறுப்பு வந்திருக்கு."

அவளுக்குப் பின்னால் எதிர்வாசலில் நின்றுகொண்டு சில்லறை என்னைப் பார்த்தான். இரண்டு கையும் இடுப்புக்குக் கீழே கும்பிட்டபடி இருந்தன. என் வாயில் ஆறாயிரம் என்ற சொல் வந்து நின்றது. ஒரு சொல் போதும். கடிகாரம் கழன்றுவிடும், என் வீடு தப்பிவிடும்.

"நல்லா இருக்கு டீச்சர்," என்றேன்.

என் மனைவி அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவவில்லை, அடித்தாள்.

வீட்டுக்காரரிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன். "நீ நல்லவன்தாம்ப்பா. ஆனா உன்னவிட நல்லவன் ஒருத்தன் பணத்தோட வந்து நிக்கிறான்," என்றார். இரும்புப் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்று கிடைத்தது. கிடங்குக்கு இரண்டு பேருந்து மாறவேண்டும். அதனால் பட்டறையிலேயே சுமை வேலைக்குச் சொல்லிவைத்தேன். வேனுக்குக் கொடுத்தபிறகு, சாமான் இறக்க ஆள் கூலிக்குக் கையில் காசில்லை.

மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். பின்னாலிருந்து சீட்டு விழுந்தது. எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். "போங்க. எதுக்குத்தான் குடுத்தாங்க?"

டீச்சர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள்: "ஏங்க, வாங்க! அண்ணன் சீட்டோட வந்துட்டாரு!" பிறகுதான் எங்கள் வாசலில் கட்டிவைத்த மூட்டைகளைப் பார்த்தாள். "என்னண்ணா இது, திடீர்னு?"

சில்லறை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவன் அப்படியே நின்றான்.

"புது எடத்துல வேலை கெடச்சிருக்கு டீச்சர். பக்கத்துலயே ரூமு," என்றேன். பொய்யில் பாதி உண்மையாக இருந்தது வசதியாகப் போயிற்று.

அன்றைக்கு அவன் உழைத்ததைக் குறை சொல்ல முடியாது. கட்டில், அரிசிப் பானை, என் மனைவியின் பழைய தையல் மிஷின் எல்லாம் ஒற்றை ஆளாக இறக்கினான். பீரோவுக்கு மட்டும் இரண்டு பேர். படியிறங்கும்போது கீழே பிடிக்கிறவன் தலையில்தான் பாரம் முழுக்க. நான் சொல்லாமலேயே அவன் கீழ்ப்பக்கம் போனான். திருப்பத்தில் பீரோ சுவரில் சிக்கியது. எங்கள் இருவருக்கும் நடுவில் இரும்பு. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அண்ணே."

"பாரத்தப் பாத்துப் புடி."

"இந்த மாதிரி எறக்குற வேலைக்கு இப்பல்லாம் எவ்வளவு கேக்குறாங்க?"

"எண்ணூறு. எதுக்கு?"

கொஞ்சம் மூச்சு வாங்கினான். "இல்ல... அந்தக் காசுல அத மட்டும் கழிச்சிக்கலாமான்னு..."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தால் பிடி தளரும் என்று பல்லைக் கடித்தேன். "அது உன் பொண்டாட்டி எனக்குக் குடுத்த பரிசுடா," என்றேன். அவன் பீரோவைச் சாய்த்துத் திருப்பத்தைத் தாண்டவைத்தான்.

வேனில் கயிறு கட்டி முடித்தோம். மேலே டீச்சர் சன்னலில் நின்று கையசைத்தாள். கடிகாரம் வெயிலில் மின்னியது. சில்லறையை வண்டிக்கு அந்தப்பக்கம் கூப்பிட்டேன்.

"அந்தக் காச இனிமே தரவேணாம்."

தலையைத் தூக்கினான். "அண்ணே?"

"உன்னத் தேடி ரெண்டு பஸ் மாறி வந்து, நாளைக்கு நாளைக்குன்னு நீ சொல்றதக் கேக்க எனக்குத் தெம்பில்ல. விட்டுட்டேன்."

வேண்டாம் அண்ணே, எப்படியாவது கொடுத்துவிடுகிறேன் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லுவான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி வெளிச்சம் வந்தது. "உங்க மனசு யாருக்கும் வராதுண்ணே," என்றான். என் கையைப் பிடித்துக் குலுக்கினான். காலையிலிருந்து பாரம் தூக்கியவன், இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறிப் போனான்.

வேனின் முன்பக்கத்தில் மனைவி கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏறி உட்கார்ந்தேன்.

"கேட்டீங்களா?"

"விட்டுட்டேன்னு சொல்லிட்டேன்."

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். தெருமுனை திரும்பியதும் சொன்னாள்:

"அப்ப அந்தக் கடியாரம் நாம வாங்கிக் குடுத்ததுன்னு ஆச்சு. அபராதம் யாருக்குன்னு டீச்சர்கிட்ட கேட்டீங்களா?"