காரின் கூரையில் ஓடிய ஊதா

அவனுக்கு விடுமுறை நாளென்றால் கார் கழுவும் நாள். வெயில் ஏறுவதற்குள், வண்டி சூடாவதற்குள், கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவான்.

வேலை காப்பீட்டு அலுவலகத்தில். அடிபட்டு வரும் வண்டி தானாக மோதியதா, பணத்துக்காக மோதவிட்டதா என்று துருவிப் பார்ப்பது தொழில். கூட இருப்பவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை. அலுவலகத்தில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டிய கண்ணாடியை வீட்டுக்குள்ளும் மாட்டிக்கொண்டு அலைந்ததுதான் வினை.

அன்று புதிதாக ஒரு புட்டி வாங்கியிருந்தான். வண்டியில் அப்பிய இரும்புத் தூளைக் கரைக்கிற மருந்து. அழுகிய முட்டை நாற்றம். சக்கரத்தில் தெளித்ததும் தண்ணீர் போலிருந்த மருந்து ஊதாவாக மாறி வழிந்தது. சந்தோஷமாக இருந்தது. வெள்ளைக் கூரையிலும் தெளித்தான். அங்கேயும் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கிளம்பி, கோடு கோடாக இறங்கியது.

மருந்து காய்ந்துவிடக் கூடாதென்று அவசரமாகக் கழுவிவிட்டுக் கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"பெயின்ட் ஒண்ணும் போகலையே?"

"அதெல்லாம் போகாது சார். இரும்புத் தூள் கரையுது, அவ்வளவுதான். சக்கரத்துல வந்தா பிரேக் தூள். கூரையில வந்தா, வண்டி ரயில் பாதை ஓரத்துல நின்னிருக்கும். இல்லாட்டி இரும்பு அறுக்கிற இடத்துல."

அவன் போனை வைத்தான். காரை ஓட்டுவது மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே கார் நிற்பதோ தரைக்குக் கீழே, கூரை போட்ட இடத்தில். அப்படியானால் ரயில் பாதை எங்கிருந்து வந்தது?

கேட்டிருக்கலாம். அடுப்படியில்தான் இருந்தாள். கேட்டால் சமாளித்துவிடுவாள் என்று தொழில்புத்தி சொன்னது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் போனில் சிரித்தாலும் குறித்துக்கொண்டான், சிரிக்காவிட்டாலும் குறித்துக்கொண்டான். பின் இருக்கையில் கிடந்த குடையைக்கூட மோந்து பார்த்தான்.

"என்ன, குடைக்கு ஜலதோஷமா?" என்று கேட்டாள் அவள்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, வழக்கம்போல் கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு, பரிசோதனைக் கூடத்துக் காவலாளியிடம் போய் நின்றான்.

"அந்த வெள்ளைக் கார் மத்தியானம் வெளிய போகுமாண்ணே? கூட யாராச்சும் ஏறுவாங்களா?"

"நீங்க யாரு சார்?"

"உறவுக்காரன்."

காவலாளி ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி காலையில வந்தா சாயங்காலம்தான் கெளம்பும்" என்றார். அதையும் அவன் நம்பவில்லை. இவரும் உடந்தையாக இருக்கலாமே.

மாலையில் மனைவி வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட உறவுக்காரர் ஒருத்தர் என்னைப் பத்தி விசாரிச்சாராம். எங்ககூட வேலை செய்ற அத்தனை பேருக்கும் தெரியும். பரிசோதனைக் கூடத்தை யார் பொறுப்புல விடலாம்னு மேலிடத்துல பேசிட்டிருக்கிற வாரம் இது. இன்னிக்கு நான் நடந்து வந்தா பேச்சு நிக்குது. என்ன தெரியணும் உங்களுக்கு?"

அவன் ஊதாவைச் சொன்னான். கூரை, ரயில் பாதை, எல்லாம். சொல்லச் சொல்ல, வழக்கைப் பிடித்த தோரணைகூட வந்துவிட்டது.

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"மாடிக்கு இரும்புக் கதவு வச்சோமே, அதை எங்க அறுத்தாங்க?"

பட்டறையில் அறுத்தால் வெல்டர் கனமான இரும்பைக் காட்டிவிட்டு மெல்லியதை வைத்துவிடுவான் என்று, கண் முன்னால்தான் அறுக்க வேண்டுமென்று வீட்டு வாசலிலேயே வேலையை நடத்தியவன் அவன்தான். பொறி பறந்து விழுந்ததெல்லாம் பக்கத்தில் நின்ற கார்மேல்.

"வண்டிய நகத்துங்கன்னு சொன்னேன். வெளிய விட்டா எவனாவது கீறிடுவான்னீங்க. வெல்டரை நம்பல, தெருவை நம்பல. இப்ப என் முறை."

"தப்புதாம்மா. மன்னிச்சிடு."

"என்கிட்ட கேட்டா ஆச்சா? யார் காதுல போட்டீங்களோ, அங்க போய் எடுத்துட்டு வாங்க. அதுக்கப்புறம் பேசுவோம்."

மறுநாள் காலை அவளோடு காரில் போனான். வாசலில் அவன் இறங்கினான். அவள் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் வேலைக்குப் போனாள்.

"அண்ணே, நான் உறவுக்காரன் இல்ல. அவங்க வீட்டுக்காரன். வீணா சந்தேகப்பட்டேன். அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

காவலாளி தலையைச் சொறிந்தார். "நான் கேன்டீன் அக்காகிட்ட சொல்லிட்டேனே சார்."

கேன்டீனுக்குப் போனான். நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே திருப்பிச் சொன்னான். அடுத்தவன் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கியே பழகியவனுக்குத் தன் வாயிலிருந்து வரவழைப்பது பெரும்பாடாக இருந்தது.

கேன்டீன் அக்கா டம்ளரைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கோபமில்லை, இரக்கமும் இல்லை.

"நீங்க வேற யார்கிட்ட சொன்னீங்கம்மா?" என்று அவளிடம் விசாரித்தான்.

"மாடியில ரத்தம் எடுக்கிற பொண்ணுங்ககிட்ட. அங்கேருந்து எங்க போச்சோ." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "வீட்டுக்குள்ள கேக்க வேண்டிய கேள்விய வெளிய வந்து கேட்டா பதில் வராது தம்பி, பேச்சுதான் வரும். பரப்புறதுக்கு ஒரு வாய் போதும். திரும்பப் பொறுக்கறதுக்குத்தான் படி படியா ஏறணும். போங்க, அந்தப் பக்கம் மாடிப்படி."

அவன் ஏறினான்.