கெட்ட சேதி சொல்ல ஒரு பெண்

கொடைக்கானலில் உள்ள அந்த விடுதியின் மேலாளர் கதிர்வேலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. போனஸ், தீபாவளி இனிப்பு என்றால் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படத்தோடு அவரே சொல்வார். லீவு ரத்து, சம்பளப் பிடித்தம் என்றால் அலுவலக உதவியாளர் ரோகிணி தன் பெயரில் அனுப்ப வேண்டும். ஊழியர்களின் சாபமெல்லாம் அவள் தலையில்தான். அவள் வேலையோ தற்காலிகம். நிரந்தரமாக்க வேண்டியவரும் அவரே.

அன்று சென்னையிலிருந்து மதன் என்ற பயிற்சியாளர் வந்திருந்தார். நவீன அலுவலகத்தில் உதவியாளர் சிறக்க என்னென்ன வேண்டும் என்று காலையிலிருந்து அளந்துகொண்டிருந்தார். புன்னகை வேண்டுமாம், செயற்கை நுண்ணறிவு வேண்டுமாம். டீ கொண்டுவந்து வைத்த இராசாத்தியை மட்டும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இராசாத்தி அறைகளைச் சுத்தம் செய்பவள், பூம்பாறைக்காரி. மறுநாள் ஊரில் முருகன் தேர். வடத்தில் வீட்டுக்கு ஒரு கை விழ வேண்டும். அவள் வீட்டில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

கதிர்வேல் ரோகிணியின் பக்கம் சாய்ந்தார். "நாளைக்குக் கல்யாண பார்ட்டி வருதும்மா. பூம்பாறை லேடீஸ் லீவை கேன்சல் பண்ணிரு. உன் பேர்லயே மெசேஜ் போடு. உன் பெர்மனன்ட் ஆர்டர்ல இன்னைக்கு நான் சைன் பண்ணணும், ஞாபகம் இருக்கட்டும்."

ரோகிணி கைபேசியை எடுத்தாள். முருகா என்றாள் மனசுக்குள். திரும்ப வைத்துவிட்டாள்.

"நான் போடலைங்க சார். அக்கா இங்கனதான் நிக்கிறாங்க. நீங்களே சொல்லிருங்க."

இராசாத்தி தட்டோடு திரும்பினாள். "என்னங்க சார், எதும் சோலியா?"

ஒருத்தியின் முகத்தைப் பார்த்து, தேருக்குப் போகாதே என்று சொல்லும் தைரியம் அந்தப் பெரிய மனிதருக்கு இல்லை.

"ஒண்ணுமில்ல. டீயில சர்க்கரை தூக்கல்."

"கொறைச்சாலும் வைவீங்க," என்றபடி அவள் போனாள்.

மாலையில் ரோகிணியிடம் பேசவும் அவர் வரவில்லை. மதனை அனுப்பினார். "ஆர்டருக்கு முன்னாடி உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் வளர்ச்சி வாய்ப்பு குடுத்திருக்காங்க மேடம்," என்றார் மதன், புன்னகையோடு.

இராசாத்திக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்.

மறுநாள் பூம்பாறைப் பெண்கள் தேருக்குப் போய்விட, கல்யாணக் கூட்டத்துக்கு ரோகிணியே படுக்கை விரித்தாள். போர்வை மூட்டையைத் தாண்டிக்கொண்டு வந்த மதன், "வெந்நீர் கிடைக்குமா? தொண்டை கட்டிருச்சு," என்றார்.

நாள் முழுக்க அளந்தால் கட்டாமல் என்ன செய்யும் என்று நினைத்தாள். கொஞ்சம் மிளகும் தட்டிப் போட்டு, சூடாகவே கொண்டுபோய்க் கொடுத்தாள்.