வெள்ளிக்கிழமை காலாவதி

1

இந்தக் கதை ஒரு லேபிளில் தொடங்கியது. அதை ஒட்டியவள் நான்தான். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் அசிங்கம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா தீயணைப்பு சிலிண்டர்களைப் பரிசோதிப்பவர். சுவரில் சிவப்பாகத் தொங்குவதை இறக்கி, எடை பார்த்து, மேலே அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, மஞ்சள் லேபிளில் காலாவதித் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவார். மிச்ச லேபிள்கள் வீட்டுக்கு வரும். எங்கள் குக்கருக்கும் தேதி உண்டு, மின்விசிறிக்கும் உண்டு. அந்தத் தேதிகள் பொய்த்ததே இல்லை. [குக்கர் மட்டும் இரண்டு நாள் முந்திக்கொண்டது.]

2

பூமியில் உயிர்கள் எப்படி அழியும் என்று ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். என் தொடக்கங்கள்:

‘வானத்திலிருந்து ஒரு பாறை –’ வேண்டாம். டைனோசர்கள் முந்திக்கொண்டன. காப்பியடித்தது போலாகிவிடும்.

‘சூரியன் வீங்கிப் பூமியை –’ அதற்கு ஐந்நூறு கோடி வருடம் இருக்கிறது. கதை அதற்கு வெகுமுன்பே முடிந்துவிடும். சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற, செடிகள் காயும், கடல் வற்றும். ஏறக்குறைய நூறு கோடி வருடத்தில். கடைசியில் பாறைக்கு அடியில் ஒரு கிருமி மட்டும், எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனது தெரியாமல் உள்ளே –

இதற்கு மேல் எழுத முடியவில்லை. அந்த வரியை அடித்தேன்.

‘வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது.’ இது பிடித்தது. பார்க்க எப்படி இருக்கும் என்று தம்பியின் உலக உருண்டையில் ஒரு லேபிள் ஒட்டி, வரும் வெள்ளியின் தேதியை எழுதினேன். பெருங்கடலுக்கு நடுவில். பிறகு மறந்தே போனேன்.

விடிந்தால் வெள்ளி.

3

தம்பிக்கு ஏழு வயது. கதையில் அவனைக் கொஞ்சம் அசடாக எழுதலாம் என்றிருந்தேன். ஒத்துவரவில்லை. சற்று முன் ஷூ போட்ட காலோடு என் கட்டிலில் வந்து படுத்தான்.

“ஷூ எதுக்குடா?”

“ஓடணும்னா?”

“எங்க ஓடுவ?”

“அதான் தெரியல.”

செவ்வாய்க்கிழமையே லேபிளைப் பார்த்துவிட்டானாம். சைக்கிள் மணியைக் கழற்றி எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். இனி எதற்கு மிச்சம் பிடிப்பது என்று தொட்டி மீனுக்கு முழு டப்பா தீனியையும் கொட்டிவிட்டான். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ லேபிளைத் தொட்டேன்னு தெரிஞ்சா அப்பா உன் தோலை உரிச்சிடுவாருல்ல.”

[அக்கா திட்டு வாங்கக்கூடாதென்று உலக முடிவை மூன்று நாள் தனியாகச் சுமந்திருக்கிறான். இதைக் கற்பனையாக எழுதியிருந்தால், நம்பும்படி இல்லையென்று நானே கோடு போட்டு அடித்திருப்பேன்.]

சும்மா எழுதியது, கிழித்துவிடுகிறேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டான். பார்க்காமல் ஒட்டவும் கூடாது, பார்க்காமல் கிழிக்கவும் கூடாது. அப்பாவின் சட்டம் அது.

4

அதனால் பூமியைப் பரிசோதித்தோம்.

உருண்டையைத் தூக்கினேன். எடை சரி. குலுக்கினேன். உள்ளே எதுவும் ஆடவில்லை. கலங்கிய தண்ணீரில் மீன் வயிறு புடைத்து, ஆனால் நீந்திக்கொண்டிருந்தது. என் கையில் ஒரு கொசு கடித்தது. தம்பி அதையும் கணக்கில் சேர்த்தான்.

“முள்ளு?”

ஜன்னலைத் திறந்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில், எதிர்ச்சுவர் விரிசலில், யாரும் வைக்காத ஒரு செடி நின்றிருந்தது.

“பச்சை,” என்றான் அவனே.

பழையதைக் கிழித்தேன். புதிய லேபிளில் கையெழுத்துப் போட்டேன். தேதிக்கு ‘நூறு கோ –’ என்று தொடங்கியதும் தடுத்தான்.

“அப்பா ஒரு வருஷத்துக்கு மேல தரவே மாட்டாரு. வருஷா வருஷம் யாராச்சும் வந்து பாக்கணும்.”

“நூறு கோடி வருஷமும் யாருடா வந்து பாப்பாங்க?”

யோசித்தான். பிறகு ஒரு ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டான்.

“நீ தேதி போடு. இன்னொண்ண அப்புறம் கழட்டுறேன்.”

5

முடிவு அ: அடுத்த வருடம் இதே நாள் என்று எழுதுகிறேன். தூங்கிவிடுகிறான்.

முடிவு ஆ: காலியாக விட்டுவிட்டு, அவன் தூங்கியதும் –

இல்லை. அவன் தூங்கவில்லை, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கையெழுத்துப் போட்டவள் என்ற முறையில் அடுத்த வருடம் நான் வந்துவிடுவேன். அதைப் பற்றிப் பயமில்லை. அதற்கடுத்த வருடத்துக்கு ஆள் வேண்டும். பேனா இதோ. அந்தத் தேதியை நீங்கள் எழுதுங்கள். எழுதினால் அன்றைக்கு வந்து பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

சீக்கிரம். ஒரு கால் இன்னும் ஷூவுக்குள் இருக்கிறது.